புகையும் மதுவும் உடலுக்கு இழைப்பவை
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும் ஆன்மாக்களுக்கு இறைவன் தந்தருளினான் என்பது சைவ சித்தாந்தத் துணிபு. அவற்றுள் முதலில் வைத்து எண்ணப்படுவது தனுவாகிய இவ்வுடலே. ஆலயத்தை வலம்வருவதும், திருமுறை ஓதுவதும், ஊருக்கு உழைப்பதும் இதனைக் கொண்டே. ஆகவே உடலைப் பேணுதலும் சமயத்தொண்டின்பாற்படும். திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். புகையிலையை அவர் பாடவில்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய அதனை அக்காலத்தில் நம்மவர் அறியார். நமக்கோ இரண்டும் வாய்த்துவிட்டன.

யாழ்ப்பாணத்து மண்ணில் விளைந்த புகையிலை முன்னாளில் திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியாகிப் பல குடும்பங்களுக்குச் சோறிட்டது. ஆதலால் அதனைப் பழித்துரைக்க நமக்கு நா எழுவதில்லை. எனினும் நன்றி வேறு, உண்மை வேறு.

சுருட்டாயினும் பீடியாயினும் சிகரெட்டாயினும் அதன் புகையில் முக்கியமான பகைவர் மூவர். முதலாவது நிக்கொட்டின். இது சில வினாடிகளில் மூளையை எட்டி மனிதனை அடிமையாக்குகிறது. இரத்தக் குழாய்களைச் சுருக்கி இருதயத் துடிப்பை விரைவுபடுத்துகிறது. இரண்டாவது காபனோரொட்சைட்டு. இது பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தைப் பற்றிக்கொள்வதால், உறுப்புகளுக்குச் சேரவேண்டிய பிராணவாயு குறைகிறது. மூன்றாவது தார். சுவாசக் குழாய்களில் தூசியை வெளியே தள்ளும் நுண்மயிர்களை இது முடக்குகிறது. புகைப்பவரின் காலை இருமலுக்குக் காரணம் இதுவே. புற்றுநோயை விளைக்கும் பொருள்கள் பல இத்தாரில் அடங்கியுள்ளன.

“நாம் புகைப்பதில்லை, வெற்றிலையோடு ஒரு துண்டு போடுகிறோம், அவ்வளவே” என்பாரும் உளர். வாயில் அடக்கினும் நஞ்சு நஞ்சே. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் விளைக்கும் என்று உலக சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004 இல் வெளியிட்டது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது வாய்ப்புற்றுநோயே. இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயை அகலத் திறக்க இயலாமை ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் தாமதியாது வைத்தியரிடம் காட்டுக.

இனி மது. குடித்த மதுவை முறிக்கும் பாரம் பெரும்பாலும் ஈரலின் மேலது. முதலில் ஈரலில் கொழுப்புப் படிகிறது. பின் அழற்சி உண்டாகிறது. கடைசியில் ஈரல் வடுப்பட்டு இறுகுகிறது. அப்போது வயிற்றில் நீர் கோக்கும், கண் மஞ்சளிக்கும், இரத்த வாந்தியும் வரலாம். முதல் நிலையில் குடியை விட்டால் ஈரல் தேறும். வடு முற்றியபின் பழைய நிலை மீள்வது அரிது. வாய், தொண்டை, ஈரல், பெண்களின் மார்பு ஆகியவற்றிலும் மது புற்றுநோயை விளைக்கும். புகையும் மதுவும் ஒருவரிடத்தே கூடினால் வாய்க்கும் தொண்டைக்கும் ஆபத்து பன்மடங்காகும். கள்ளு, சாராயம், பியர் என்று பெயர் வேறுபடினும் உள்ளிருக்கும் மதுசாரம் ஒன்றே.

“எங்கள் பாட்டனார் சுருட்டுக் குடித்துத் தொண்ணூறு வயது வரை கமம் செய்தாரே” என்று சிலர் கேட்பர். ஐம்பதில் இருதயம் நின்று மாண்ட பாட்டனாரைப் பேரர் கண்டதில்லை. ஆதலால் அவரைச் சான்று கூற அழைப்பாரும் இல்லை. ஒருவரைப் பார்த்து முடிவு செய்யாது பல்லாயிரவரைப் பார்த்தல் வேண்டும். பிரித்தானிய ஆண் வைத்தியர்களையே 1951 முதல் 50 வருடங்கள் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியின் முடிவு 2004 இல் வெளியாயிற்று. சிகரெட் புகைத்தவர் சராசரி 10 வருட ஆயுளை இழந்தனர். 60 வயதில் விட்டவர் 3 வருடமும், 50 இல் விட்டவர் 6 வருடமும், 40 இல் விட்டவர் 9 வருடமும் மீட்டனர். 30 இல் விட்டவர் ஏறக்குறைய முழுவதையும் மீட்டனர். பெரியோர்களே, விடுவதற்குக் காலம் கடந்துவிடவில்லை. இளைஞர்களே, தொடங்காமலிருப்பதே எல்லாவற்றிலும் எளிது.

இலங்கையின் 2006 ஆம் ஆண்டு 27 ஆம் இலக்கச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்தோருக்குப் புகையிலையும் மதுவும் விற்பதைத் தடைசெய்கிறது. நாமோ சிறுவன் கையில் காசைக் கொடுத்து, “தம்பி, கடைக்கு ஓடிப்போய் ஒரு சுருட்டு வாங்கி வா” என்கிறோம். கல்யாண வீட்டின் பின்வளவில் போத்தல் திறக்கிறோம். செத்த வீட்டிலும் அதனை மரியாதை என்கிறோம். பிள்ளைகள் இவற்றைக் கற்பது பகைவரிடமன்று, நம்மிடமே.

ஆதலால் நம் சங்கத்தார் இரண்டு காரியங்களைச் செய்வோமாக. நம் வீட்டுக் கருமங்களில் மதுவையும் புகையிலையையும் உபசாரமாக வழங்காதிருப்போம். குடிக்கு அடிமைப்பட்ட அயலவரை ஏளனம் செய்யாது வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம்; நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடுமாதலின், வைத்தியர் துணை அவசியம்.

இறைவன் தந்த உடலை மாசின்றிப் பேணி, அவன் பணிக்கே ஆக்குவோமாக.