பழைய கம்ப்யூட்டர்: ரிப்பேரா, புதுசா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் தொழில் செய்யும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



உள்கடன் கேட்டு வருகிற மனுக்களில் "கம்ப்யூட்டர் வாங்க" என்பது கூடிக்கொண்டே போகுது என்று தலைவி அக்கா சொன்னாங்க. பிள்ளைங்க படிப்புக்குக் கேட்கிறோம், யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டோம். ஆனா தீர்மான நோட்டில் எழுதும் முன் ஒரு கணக்குப் பார்ப்போம். கடன் 30,000 ரூபாய், நூத்துக்கு ரெண்டு வட்டி, 20 தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். அசல் மாதம் 1,500. வட்டி முதல் மாதம் 600, பிறகு குறைந்துகொண்டே வரும். கட்டி முடிக்கையில் வட்டி மட்டும் 6,300 ரூபாய் ஆகியிருக்கும். அந்த வட்டிக் காசுக்குள்ளேயே வீட்டில் இருக்கிற பழைய மிஷினைச் சரிபண்ண முடியுமா? பல நேரம் முடியும். சில நேரம் முடியாது. அதைப் பிரிச்சுப் பார்க்கத்தான் வந்திருக்கேன்.

நம்ம ஊர்ப்பக்கம் பல வீட்டில் இருப்பது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 2011-ல் தொடங்கிய திட்டம் அது. மூத்த பிள்ளைக்கு வந்தது, இப்போ அலமாரி மேல தூங்குது. "ஆன் பண்ணினா கால் மணி நேரம் ஆகுது, அது செத்துப்போச்சு" என்கிறீர்கள். சாகலை. அதுக்குள்ள இருக்கிற ஹார்டு டிஸ்க் என்பது தட்டு சுத்துகிற ஒரு சாமான். கிராமபோன் தட்டு மாதிரி சுத்தி, முள் தேடிப் போய்ப் படிக்கணும். வயசானா அது தடுமாறும். அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்ற சாமானைப் போட்டால், சுத்துவதற்கு எதுவும் கிடையாது. அதே மிஷின் ஒரு நிமிஷத்துக்குள்ள தயாராகிவிடும். நான் பழுதுபார்த்ததிலேயே, பார்த்தவங்க முகம் மலர்ந்தது இதுக்குத்தான்.

அடுத்தது ராம். 2 ஜி.பி. ராம் இருந்தால் இன்றைய இன்டர்நெட் பக்கங்கள் நாலைத் திறந்தாலே திணறும். 8 ஜி.பி. ஆக்க முடிந்தால் நல்லது. பழைய மிஷினில் டி.டி.ஆர்.3 வகைதான் ஏறும், புதிய வகை பொருந்தாது. அதனால் மிஷினையே கடைக்குக் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்க. 2025 கடைசியிலிருந்து ராம், எஸ்.எஸ்.டி. இரண்டுமே விலை ஏறிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரங்க முன்னே கொடுத்த விலையை நம்பிப் போகாதீங்க, அன்றைய விலையை விசாரிங்க.

சில கோளாறுக்குச் செலவே கிடையாது. தினமும் தேதி மாறிப்போனால் மதர்போர்டில் இருக்கிற காசு மாதிரி சின்ன பேட்டரி தீர்ந்திருக்கும். சூடாகி தானா அணைஞ்சால் ஃபேனில் தூசி அடைச்சிருக்கும். நம்ம வீட்டில் அடுப்புப் புகையும் புழுதியும் கொஞ்சமா? கீச்சு கீச்சுனு சத்தம் வந்து திரை வராவிட்டால், ராமைக் கழற்றி, ரப்பரால் அதன் பல்லைத் துடைத்து மாட்டினாலே பலது எழுந்துவிடும். ஆனா வயரைப் பிடுங்காமல், பேட்டரியைக் கழற்றாமல் உள்ளே கை வைக்கக் கூடாது. டெஸ்க்டாப்பில் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை எக்காரணம் கொண்டும் நீங்களே திறக்காதீங்க. கரண்ட் எடுத்த பிறகும் அதுக்குள்ள மின்சாரம் தங்கியிருக்கும்.

எப்போ செலவு பண்ண வேண்டாம்? மடிக்கணினியில் மதர்போர்டு போய், திரையும் உடைஞ்சிருந்தால் விட்டுவிடுங்க. சரிபண்ணும் செலவு, அதேபோல் ஓடுகிற பழைய மிஷின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இது என் கணக்கு, சட்டம் இல்லை.

இன்னொன்று முக்கியம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பழைய ப்ராசசர்களை ஏற்காது. பெரும்பாலும் 2018-க்கு முன் வந்தவை தேறாது. கடைக்காரர் "எப்படியாவது ஏத்தித் தரேன்" என்பார். அப்படி ஏற்றியதில் குழுவின் பேங்க் வேலை பார்க்க நான் சம்மதிக்க மாட்டேன். அதற்குப் பதில் லினக்ஸ் போடலாம், அது இலவசம். நம்ம சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கு. கடிதம் அடிக்க, கணக்கு எழுத, பிள்ளைங்க பாடம் பார்க்க, தமிழில் தட்டச்சு செய்ய அது போதும். ஆனா பிள்ளை காலேஜில் விண்டோஸில் மட்டுமே ஓடுகிற மென்பொருளைக் கேட்டால், முதலில் ஆசிரியரிடம் எழுதி வாங்கிட்டு வரச் சொல்லுங்க. அப்போ புதுசுக்குக் கடன் கேட்பதில் நியாயம் இருக்கு.

கடைக்குப் போகும்போது பழைய சாமானையும் திருப்பிக் கேட்டு வாங்குங்க, பில் வாங்குங்க, எத்தனை மாத வாரண்டி என்று அதில் எழுதச் சொல்லுங்க. குழந்தைப் படம், சான்றிதழ், குழுவின் வரவு செலவு எல்லாம் முதலில் பென் டிரைவில் ஏறணும். பழைய மிஷினை எடைக்குப் போடுவதென்றாலும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வச்சுக்குங்க. அழிச்ச பிறகும் அதிலிருந்து எடுக்கத் தெரிஞ்சவங்க இருக்காங்க.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பழைய மடிக்கணினியை இங்கேயே பிரித்துக் காட்டுறேன். கேள்வி இருக்கிறவங்க முன்வரிசைக்கு வந்துடுங்க.