குறியெண்ணும் சொல்லும்

டில்லி லோதி ரோட்டில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமையகமாகிய மௌசம் பவன் அமைந்துள்ளது. அதே சாலையில், சி.ஜி.ஓ. வளாகத்தினுள், அரசு அலுவலகங்களின் கணிப்பொறிப் பணிகளுக்குத் துணைநிற்கும் தேசியத் தகவலியல் மையம் இருக்கின்றது. இவ்விரு துறைகளிலும் ஒரு வழக்கம் பொதுவாக உண்டு. அபாயத்தை எண்ணால் அறிவிப்பதே அது.

துறைமுகப் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளுக்கு 1 முதல் 11 வரை எண்கள் உள. 8, 9, 10 ஆகியவை பேரபாயம்; 11 என்றால் வானிலை மையத்துடன் தொடர்பே அற்றுவிட்டது என்று பொருள். பகலில் கூம்பாலும் உருளையாலும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகளாலும் தொலைவிலுள்ள கப்பலுக்குக் காட்ட வேண்டியிருத்தலின் எண் தக்கதே. ஆயினும் வானொலியில் "மூன்றாம் எண்" என்று மட்டும் படித்தால் போதுமா? துறைமுகத்தைப் பலத்த காற்றுத் தாக்கக்கூடும் என்பதும் உடன் செல்லவேண்டும் அன்றோ?

யூனிக்ஸ், லினக்ஸ் ஆகிய இயக்க முறைமைகளும், ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குச் சமிக்ஞையாகச் சிறு எண் ஒன்றையே அனுப்புகின்றன. 2 விசைப்பலகையிலிருந்து வரும் இடைமறிப்பு. 9 மறுக்கவியலாத மரண ஓலை. 11, உரிமையில்லாத நினைவிடத்தைத் தொட்டதற்குரிய தண்டனை.

ஓர் அலுவலகத்தில் இரவில் ஓய்வூதியப் பட்டியல் கணக்கிடும் நிரல் இடையில் நின்றது எனக் கொள்வோம். பதிவில் 139 என்று மட்டும் இருக்கின்றது. ஷெல் என்னும் கட்டளை வாயில், 11 உடன் 128 ஐக் கூட்டித் தந்த எண் அது. எழுத்தர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

சி மொழியில் வழி எளிது. தான் தொடக்கிய நிரல் எவ்வாறு முடிந்தது என்பதை 'வெயிட்பிட்' என்னும் செயற்கூறு தெரிவிக்கும். அதிலிருந்து சமிக்ஞை எண்ணைப் பிரித்தெடுத்து 'ஸ்டிர்சிக்னல்' என்னும் செயற்கூறிடம் கொடுத்தால், உரிய சொற்றொடர் கிடைக்கும். 2008 ஆம் ஆண்டின் போசிக்ஸ் தரத்தில் இதுவும் இடம்பெற்றது.

சிலர் தாமே ஓர் அட்டவணை எழுதிவிடுகின்றனர், அது ஆகாது. நாகப்பட்டினத்திலும் விசாகப்பட்டினத்திலும் எட்டாம் எண்ணுக்குப் பொருள் ஒன்றே. கணிப்பொறியில் அவ்வாறன்று. இன்டெல் வகைப் பொறியில் ஓடும் லினக்ஸில் 10 என்பது நிரல் எழுதுவோர் தாமே பொருள் வகுத்துக்கொள்ளும் சமிக்ஞை. மேக் கணிப்பொறியில் அதே 10 நினைவக அணுகலில் நேர்ந்த பிழை. அந்தந்தப் பொறியின் நூலகத்தையே கேட்க வேண்டும்.

இனி என் தொழிலுக்கு வருகின்றேன். லினக்ஸின் சி நூலகம் இச்சொற்றொடரைப் பயனரின் மொழியிலேயே தரவல்லது. நிரல் தொடக்கத்தில் 'செட்லொகேல்' அழைக்கப்பட்டிருக்க வேண்டும். அம்மொழியின் பெயர்ப்புக் கோப்பும் பொறியில் இருக்க வேண்டும். இல்லையேல் ஆங்கிலமே வரும். மொழிக்கு மொழி சொல் மாறுமாதலால், நிரல் தன் ஒப்பீட்டுக்கு எண்ணையே கொள்க.

பதினோராம் எண்ணின் ஆங்கிலத் தொடர் 'செக்மென்டேஷன் ஃபால்ட்'. 'துண்டாக்கப் பிழை' எனப் பெயர்த்தால் அகராதி மகிழும், எழுத்தர் விழிப்பார். 'உரிமையில்லா நினைவிடத்தைத் தொட்டது' என்றே நான் எழுதுவேன். ஒன்பதாம் எண்ணுக்குக் 'கொல்லப்பட்டது' என்பதினும் 'கட்டாயமாக நிறுத்தப்பட்டது' என்பது மேல். ஆனால் நிறுத்தியவர் யார் என்பதை அத்தொடர் கூறாது. பொறியின் நிருவாகி நிறுத்தியிருக்கலாம். நினைவகம் தீர்ந்தபோது லினக்ஸே அந்நிரலைப் பலியிட்டிருக்கலாம். ஆதலின் நிரலின் பெயர், சொற்றொடர், அடைப்புக்குள் எண் ஆகிய மூன்றையும் ஒரே வரியில் அச்சிடுக. எழுத்தர் அவ்வரியைத் தொலைபேசியில் படித்துக் காட்டுவார். மறுமுனையிலுள்ள பொறியாளர் எண்ணைக் கேட்டதும், அவ்வேளையில் நினைவகப் பஞ்சம் நேர்ந்ததா என்று பதிவைப் புரட்டிப் பார்ப்பார்.