மடல்மாவும் ஸ்டேட்டஸும்

(தமிழாசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்க இலக்கியத்தை இன்றைய பிள்ளைகளிடம் எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். கொண்டுசேர்க்கும் வேலையில் பாதியைச் சினிமா நமக்கு முன்பே செய்துவிட்டது. 2019இல் வந்த ‘சகா’ படத்துப் பாட்டால் குறுந்தொகையின் நாற்பதாம் பாடல் பல பிள்ளைகளுக்கு மனப்பாடம். ‘பொன்னியின் செல்வன்’ 2022இலும் 2023இலும் படமாக வந்தபோது, ஐந்து பாக நாவலைக் கேட்டு நூலகத்துக்கு வந்தவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கர்ணனைப் பற்றிப் பேச்செடுத்தால் ‘தளபதி’ என்கிறார்கள். அது 1991இல் வந்த படம், இவர்கள் பிறப்பதற்கு எவ்வளவோ முன்னால்!

அடுத்த படியில்தான் நமக்கு வேலை இருக்கிறது. “இது அந்தப் படம் மாதிரியே இருக்கும்மா” என்று ஒரு பிள்ளை சொன்னதும் நமக்கு மகிழ்ச்சி தாங்குவதில்லை. அத்தோடு நிறுத்திவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுகிறோம். நான் இன்னொரு கேள்வி கேட்பேன்: “எந்த இடத்தில் அது மாதிரி இல்லை?” ‘இருவர்’ படத்தின் ‘நறுமுகையே’ காதல் பாட்டு. அதில் பாரி மகளிரின் புறநானூற்றுப் பாடலிலிருந்து சொற்கள் வருகின்றன. அந்தப் புறப்பாடலோ தந்தையையும் பறம்பு மலையையும் இழந்த இரண்டு பெண்களின் கையறுநிலை. அதே நிலவு, அதே சொற்கள், ஆனால் ஒன்றில் கொஞ்சல், மற்றதில் அழுகை. இந்த வேறுபாட்டைச் சொன்ன பிறகு 112ஆம் பாடலை நான் ‘நடத்த’ வேண்டியிருக்கவில்லை. அவர்களே திரும்பத் திரும்பப் படித்தார்கள்.

இன்று நான் விரிவாகச் சொல்ல வந்தது மடலேறுதல் பற்றி. எங்கள் பள்ளியில் சனிக்கிழமைகளில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும், இங்கே படித்துக் கல்லூரிக்குப் போன சிலரும் சேர்ந்து உட்கார்ந்து படிப்போம். பதினேழிலிருந்து இருபது வயதுக்குள் இருப்பவர்கள். பேரெயின் முறுவலார் பாடிய குறுந்தொகை 17ஆம் பாடலை ஒருநாள் எடுத்துக்கொண்டோம்.

பாடல் சிறியது. தலைவன் தோழியிடம் பேசுகிறான். காமம் முற்றிவிட்டால் ஆண்கள் பனைமடலைக் குதிரை என்று ஏறுவார்கள், எருக்கம்பூவைச் சூடுவார்கள், தெருவில் ஊர் கூடி ஆரவாரம் செய்யும்படி நிற்பார்கள், அதற்கு மேலும் செய்வார்கள் என்கிறான். ‘நான் செய்வேன்’ என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. அந்த ‘அதற்கு மேலும்’ என்பது மலையிலிருந்து பாய்ந்து உயிர்விடுவதைக் குறிக்கிறது என்பார்கள் உரைகாரர்கள்.

நான் பொருள் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பையன், “அம்மா, இது ‘நீ இல்லன்னா செத்துருவேன்’ சீன்தானே?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நாயகன் நாயகியின் பின்னாலேயே நடப்பது, பேருந்தில் பக்கத்தில் வந்து நிற்பது, கையைக் கிழித்துக்கொள்வது, கடைசியில் அவள் இரங்குவது என்று படம் படமாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் பார்த்திருக்கும் படங்களின் எண்ணிக்கைக்கு நான் ஈடுகொடுக்க முடியாது.

மடலேறுபவன் தலைவியின் உருவத்தை எழுதிய கிழியையும் கையில் கொண்டு தெருவில் வருவான் என்று சொன்னேன். அதுவரை பேசாமல் இருந்த ஒரு பெண் கேட்டாள்: “அப்போ அவ போட்டோவை ஸ்டேட்டஸ்ல வைக்கிற மாதிரிதானேம்மா?”

சிரிப்பு நின்றுவிட்டது. அப்படி ஒரு படம் பரவியதால் படிப்பை நிறுத்திய ஓர் அக்காவை அவளுக்குத் தெரியுமாம். யார், எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பையன்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்கள் சொன்னதிலும் பொருள் இருந்தது. பனைமட்டையில் கைவைத்தவர்களுக்குக் கருக்கு என்ன செய்யும் என்று தெரியும். அதில் உட்கார்ந்து வருபவன் அறுபடுவது தன் உடம்பைத்தான். வெள்ளெலும்பை அணிந்து ஊர் எள்ளி நகையாட வருகிறான் என்று மடல் பாடிய மாதங்கீரனார் குறுந்தொகை 182இல் சொல்கிறார். வள்ளுவர் இதற்கு வைத்த அதிகாரத்தின் பெயரே நாணுத் துறவுரைத்தல். “அவன் அசிங்கப்படுத்துறது தன்னைத்தானேம்மா, அவளை இல்லையே” என்றான் ஒருவன். அதற்குக் கல்லூரியிலிருந்து வந்த பெண் ஒரே சொல்லில் பதில் சொன்னாள்: “அலர்.” ஊர் பேசுவது அவளைப் பற்றித்தான், அவன் சிரிப்புக்கு ஆளாகிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான் என்றாள். பாடப்புத்தகத்தில் இரண்டு மதிப்பெண் வினாவுக்காகப் படித்த சொல் அன்றைக்கு இப்படி வந்து விழுந்தது.

இந்த இடத்தில்தான் தொல்காப்பியத்தை எடுத்தேன். முதலிலேயே எடுத்திருந்தால் தூங்கியிருப்பார்கள். களவியல் மடல்மா பற்றித் தலைவன் சொல்வதற்கு இடம் தருகிறது. அகத்திணையியலோ, ஏறிய மடல்திறத்தைப் பெருந்திணையில், அதாவது பொருந்தாக் காமத்தில் வைக்கிறது. ஏறுவேன் என்று பேசலாம், ஏறிவிட்டால் அன்பின் ஐந்திணைக்கு வெளியே போய்விட்டாய். இந்தக் கோட்டை நம் இலக்கணம் அன்றே கிழித்திருக்கிறது. பிள்ளைகளுக்கு இது பெரிய வியப்பு. பழைய நூல் என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டும் என்றோ, ஒன்றுமே தெரியாமல் எழுதியது என்றோதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். படத்தில் இடைவேளைக்குப் பிறகு நாயகி மனம் மாறும் இடத்தை, தொல்காப்பியர் ‘பொருந்தாது’ என்ற பெட்டிக்குள் வைத்துவிட்டார் என்று ஒருவன் சொன்னான். நான்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆனாலும் ஸ்டேட்டஸ் கேள்வி கேட்ட பெண்ணுக்கு நிறைவில்லை. “பேசறதுக்கு மட்டும் இடம் குடுத்தா சரியா? மிரட்டறதும் பேச்சுதானே” என்றாள். சரிதான் என்று விட்டுவிட்டேன். இலக்கணத்தைக் காப்பாற்றுவதற்காக நாம் வகுப்புக்குப் போகவில்லை.

பிறகு, “பொண்ணுங்க மடலேற மாட்டாங்களா?” என்று கேட்டார்கள். கூடாது என்கிறது அகத்திணையியல். கடல்போல் காமம் வருத்தினாலும் மடலேறாமல் இருப்பதே பெண்ணின் பெருமை என்கிறது 1137ஆம் குறள். “பெருமைன்னு சொல்லியே வாயை அடைச்சுட்டாங்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவர்களுக்குத் திருமங்கையாழ்வாரைச் சொன்னேன். சிறிய திருமடல், பெரிய திருமடல் இரண்டும் ஒரு பெண்ணின் குரலில், இறைவனை நோக்கி, நான் மடலேறுவேன் என்று சூளுரைப்பவை. பெண்கள் ஏறுவதில்லை என்ற தென்னாட்டு வழக்கைக் கேட்டிருக்கிறேன், அதை ஏற்கமாட்டேன் என்று பெரிய திருமடலில் அவள் வெளிப்படையாகவே வாதாடுகிறாள். விதியை மீறுவதற்கும் மரபுக்குள்ளேயே ஆள் இருந்திருக்கிறார்!

இப்படிப்பட்ட பேச்சு வகுப்பில் வரும்போது அச்சம் இருக்கத்தான் செய்யும். எனக்கும் உண்டு. இதற்கு ஒரு வழியையும் அகத்திணையியலே தருகிறது. ஐந்திணைப் பாடலில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது. அந்த விதியையே எங்கள் சனிக்கிழமை விதியாக்கிக்கொண்டோம். தலைவன், தலைவி, தோழி, ஊர் என்று பேசலாம். யார் பெயரும், எந்தத் தெருவின் பெயரும் வரக்கூடாது. பதினேழு வயதுப் பிள்ளை தன் துன்பத்தைத் ‘தலைவி’ என்ற பெயருக்குப் பின்னால் நின்று சொல்ல முடிகிறது. கேட்கும் நமக்கு அது புரிந்துவிடும். புரிந்தபின் தனியே கூப்பிட்டுக் கேட்பதும், தேவைப்பட்டால் தலைமையாசிரியரிடம் சொல்வதும், 1098ஐ அழைப்பதும் நம் பொறுப்பு. அதை இலக்கியம் செய்யாது.

அன்றைய வேலையாக ஒன்று கொடுத்தேன். 17ஆம் பாடலில் தலைவன் பேசுகிறான், தோழியின் பதில் இல்லை. அதை எழுதி வாருங்கள் என்றேன். செய்யுளாக இருக்க வேண்டியதில்லை, ஐந்து வரி போதும்.

சிலர் திரைப்பட வசனமாக எழுதினார்கள், நன்றாகவே இருந்தது. ஒருத்தி தோழியை நேரே ஊர்ப் பெரியவர்களிடம் அனுப்பிவிட்டாள். “அவன் தன்னை அசிங்கப்படுத்துகிறான், அவளை இல்லை” என்று வாதாடிய பையனின் தாளை நான் வைத்திருக்கிறேன். அதில் தோழி சொல்கிறாள்: “முதலில் அந்த எருக்கம்பூவை எடுத்துப் போடு. அவள் படத்தை என்னிடம் கொடு. நான் போய் அவளைக் கேட்டு வருகிறேன். வேண்டாம் என்று சொன்னாள் என்றால், நான் திரும்பி வருவதற்குள் நீ வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.”

எழுத்துப்பிழை மூன்று இருந்தது. திருத்தவில்லை.