மலிவான அச்சுப்பொறியா, மலிவான மையா?



பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அச்சுப்பொறி தேவைப்பொருளாகிவிட்டது. பெற்றோர் பலர் விலை குறைந்ததையே வாங்குகின்றனர். உண்மையான செலவு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஓர் உதாரணக் கணக்கு. அச்சுப்பொறி 200 ரிங்கிட். அதற்கான கார்ட்ரிட்ஜ் 50 ரிங்கிட். 200 பக்கம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 25 சென். மாதம் 100 பக்கம் அச்சிட்டால் ஆண்டுக்கு 300 ரிங்கிட் மைக்கே போய்விடும்.

மை ஊற்றும் தொட்டி வைத்த பொறி 600 ரிங்கிட், பக்கத்துக்கு 2 சென் என்றால், கூடுதலாகக் கொடுத்த 400 ரிங்கிட் ஒன்றரை ஆண்டில் திரும்பிவிடும்.

மாதம் 10 பக்கம்தான் என்றால் தொட்டி இலாபமில்லை. நீண்ட நாள் அச்சிடாவிட்டால் மை காய்ந்து முனை அடைக்கும். அதைச் சுத்தம் செய்யவும் மைதான் செலவாகும். கறுப்பு எழுத்து மட்டும் போதுமென்றால் லேசர் பொறி நல்லது. அதன் டோனர் வெறும் தூள், காயாது.

வாங்கும் முன் கடைக்காரரிடம் கேளுங்கள்: மை என்ன விலை? ஐ.எஸ்.ஓ. அளவுப்படி எத்தனை பக்கம் வரும்? விலையைப் பக்கத்தால் வகுத்துப் பாருங்கள். மாதக் கடைசியில், பிள்ளையின் பாடத்தாளை அச்சிட மையில்லை என்று கையைப் பிசைய வேண்டியிருக்காது.