மஞ்சள் மருந்தாகுமா?

வீட்டில் ஒருவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால், கீமோவுக்குத் தேதி குறிப்பதற்கு முன்பே யோசனைகள் வந்து குவிந்துவிடும். பாலில் மஞ்சள் கலந்து கொடுங்கள் என்பார் ஒருவர். நாட்டு மருந்துக் கடையில் பொடி கிடைக்கிறது என்பார் இன்னொருவர். எல்லாம் அக்கறையில் சொல்வதுதான். செடி கொடியால் புற்றுநோய்க்கு என்ன ஆகப்போகிறது என்று கையை உதறுகிறவர்களும் உண்டு. இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். இந்த நோய்க்குத் தாவரத்திலிருந்து மருந்து ஏற்கெனவே வந்திருக்கிறது. ஆனால் அது தாவரத்தில் பிறந்த தகுதியால் மருந்தாகவில்லை. சோதனைகளைத் தாண்டி வந்ததால் மருந்தானது.

அந்த மருந்தின் பெயர் இரினோடீகன். அதன் மூலப்பொருள் கேம்ப்டோதெசின். ஆராய்ச்சியாளர்கள் மன்சுக் வானியும் மன்ரோ வாலும் சீன மரம் ஒன்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்த செய்தி 1966இல் அமெரிக்காவில் வெளியானது. நம் மேற்குத் தொடர்ச்சி மலை மரம் ஒன்றிலும் அதே பொருள் தாராளமாக இருப்பதை 1972இல் எழுதியவர்கள் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் என். விசுவநாதனும். கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியராக இருந்தவர். ஆனால் கேம்ப்டோதெசினை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீர்ப்பையில் ரத்தக்கசிவு ஏற்பட்டது, ரத்த அணுக்கள் சரிந்தன. சோதனையையே நிறுத்த வேண்டியதாயிற்று. செல் பிரியும்போது மரபணு இழையின் முறுக்கைத் தளர்த்தும் ஒரு நொதியைக் கேம்ப்டோதெசின் முடக்குகிறது என்பது 1985இல் தெரியவந்தது. ஜப்பானில் அதன் மூலக்கூறை மாற்றியமைத்து, நீரில் கரையும் இரினோடீகனை உருவாக்கினார்கள். பெருங்குடல் புற்றுநோய்க்கு அமெரிக்கா அதை அனுமதித்தது 1996இல். மரப்பட்டையிலிருந்து மருத்துவமனைக்கு வர முப்பது ஆண்டுகள். இன்றும் அதை ஏற்றும்போது கடும் வயிற்றுப்போக்கு வருகிறதா, வெள்ளணுக்கள் குறைகின்றனவா என்று மருத்துவர்கள் கண்காணித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

இந்த அளவுகோலை மஞ்சளுக்கும் வைத்துப் பார்ப்போம். மஞ்சளில் உள்ள குர்குமின், ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறது, அதில் சந்தேகமில்லை. உடம்பு கண்ணாடித் தட்டு அல்ல. விழுங்கிய குர்குமினில் மிகச் சிறிய பங்குதான் ரத்தத்தில் சேர்கிறது. மற்றதைக் குடலும் கல்லீரலும் உருமாற்றி வெளியேற்றிவிடுகின்றன. குடலில் நூற்றுக்கணக்கில் கட்டிகள் முளைக்கும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. கவனிக்காவிட்டால் புற்றுநோயாகவே முடியும். அந்த நோயாளிகள் 44 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2018இல் வெளியானது. தினம் 3 கிராம் குர்குமின், ஓராண்டு காலம். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், கட்டிகளின் எண்ணிக்கையிலோ அளவிலோ வித்தியாசமில்லை. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 3 கிராமுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தூள் வேண்டும். பாலில் போடும் ஒரு சிட்டிகை எந்த மூலைக்கு? நம்பிக்கை தரும் செய்தியும் இல்லாமலில்லை. இங்கிலாந்தின் லெஸ்டரில், நோய் பரவிய நிலையில் இருந்தவர்களுக்குக் கீமோவுடன் குர்குமினும் கொடுத்தபோது பாதுகாப்புக்குக் குறைவு தெரியவில்லை. ஆயுளும் கூடியதுபோல் தெரிந்தது. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் முப்பதுக்கும் குறைவு. பெரிய சோதனை நடத்தலாம் என்பதற்கு அது போதும். மருந்துச்சீட்டில் எழுதுவதற்குப் போதாது.

இயற்கையானதுதானே, கீமோவோடு சேர்த்துச் சாப்பிட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பீர்கள். மிளகில் உள்ள பைப்பரின், ரத்தத்தில் குர்குமினை இருபது மடங்கு உயர்த்துகிறது என்று 1998இல் பெங்களூரு ஆய்வு ஒன்று காட்டியது. அதனால்தான் பல கேப்ஸ்யூல்களில் மிளகுச் சாறும் சேர்கிறது. உடம்பு குர்குமினைக் கழிக்கும் வேலையைப் பைப்பரின் தடுப்பதே இதற்குக் காரணம். இரினோடீகனின் வீரியமான வடிவமும் உடம்பிலிருந்து கழிவது பெரும்பாலும் அதே வகை வேதிமாற்றத்தால்தான். அந்த வழி அடைபட்டால் மருந்து உள்ளே தங்கி நஞ்சாகும் அபாயம் உண்டு. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: மனச்சோர்வுக்கு ஐரோப்பியர்கள் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்ற மூலிகை, இதே வீரிய வடிவத்தின் அளவை 42 சதவீதம் குறைத்ததை 2002இல் நெதர்லாந்தில் கண்டார்கள். உடம்பில் வேலை செய்யும் மூலிகை, மற்ற மருந்தின் வேலையிலும் கைவைக்கக்கூடும்.

மஞ்சளுக்குக் காப்புரிமை கிடைக்காது, அதனால்தான் கம்பெனிகள் பணம் போட்டுச் சோதிப்பதில்லை என்பது அடுத்த வாதம். இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சோதிக்கவில்லை என்பது பலன் உண்டு என்பதற்குச் சாட்சியாகாது. அரசுப் பணத்தில் சோதியுங்கள் என்று கேட்பதற்கே அது காரணம். அதற்கு வேண்டிய வசதி நம் ஊரிலேயே உண்டு. முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஒரு பக்கம், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இன்னொரு பக்கம். இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரு மூலிகை, ஒரு அளவு, ஒரு கேள்வி என்று எடுத்துக்கொண்டால் விடை கிடைக்கும்.

அதுவரை செய்யக்கூடியது இது. குழம்பிலும் ரசத்திலும் போடும் மஞ்சளுக்கும் மிளகுக்கும் பயப்பட வேண்டாம். கேப்ஸ்யூல், கஷாயம், பொடி எதுவானாலும் டப்பாவோடு எடுத்துப்போய்ப் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். அறுவை சிகிச்சையையோ கீமோவையோ மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 2018இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வில், பெருங்குடல் புற்றுநோய்க்கு வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று வழியை மட்டும் நம்பியவர்களுக்கு மரண அபாயம் நான்கு மடங்குக்கும் மேல் இருந்தது. மூலிகையின் பலனை நாளைக்குக்கூடச் சோதித்துக்கொள்ளலாம். கைவிட்ட சிகிச்சையின் காலம் திரும்ப வராது.