சுவர் ஓவியர் கையில் மவுஸும் வரட்டும்

(தியாகதுருகத்தில் நமது கட்சியின் இளைஞரணி நடத்திய கணினி ஓவியப் பயிற்சி முகாமின் தொடக்க உரை)



முதல்ல ஒரு உண்மையை ஒத்துக்குவோம். நம்ம ஊர்ல போட்டோஷாப்னா என்ன? தலைவர் படத்தை வெட்டி, பின்னாடி ஒரு சிங்கத்தை ஒட்டி, கீழே இருபது பேர் முகத்தை வரிசையா வைக்கிறது. அது ஒட்டுவேலை. அதுக்கு முகாம் தேவையில்லை.

தேர்தல் வந்தால் சுவருக்கு வெள்ளையடித்து, கோடு போட்டு, சின்னம் வரைய ஓவியர்கள் வருவார்கள். ஃபிளெக்ஸ் வந்ததும் அவர்கள் வேலை போனது. ஒரே ராத்திரியில் அடிச்சுத் தர்றாங்கன்னு எல்லாக் கட்சியும் அந்தப் பக்கம் போனோம். நாமும்தான். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்ததில், ஸ்கூட்டரில் போன இளம்பெண் பொறியாளர் உயிரிழந்தார். அதற்குப் பிறகும் நாம முழுசா திருந்தினோமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க.

இன்று அந்த ஓவியர்கள் இரண்டு பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. அண்ணே, உங்க கைக்கோடு இந்தப் பிள்ளைகளுக்கு வராது. கம்ப்யூட்டர் உங்களுக்குப் புதுசு. ரெண்டு பேரும் மாத்திக் கத்துக்கணும். கோட்டோவியத்தில் பெயர் வாங்கிய ட்ராட்ஸ்கி மருது, தமிழ் ஓவியர்களில் முன்கூட்டியே கணினியிலும் வரையத் தொடங்கியவர். கருவி மாறினாலும் கை அவருடையதுதான்.

லேயர்னா பயப்பட வேண்டாம். கண்ணாடித் தாள்களை அடுக்கினது மாதிரி. பென்சில் கோடு ஒரு தாள், மைக்கோடு ஒரு தாள், அதுக்குக் கீழே வண்ணம் ஒரு தாள். வண்ணம் தப்பினா அந்தத் தாளை மட்டும் அழிக்கலாம், கோடு கெடாது. சுவரில் இந்த வசதி கிடையாது!

திரையில் பளிச்சுன்னு தெரியுற கொடி அச்சில் மங்கிப் போகுதுன்னு அச்சகத்தில் சண்டை போடுறோமே, அது அவங்க தப்பில்லை. திரை ஒளியில் நிறம் காட்டுது, அச்சு மையில் காட்டுது. இன்னொண்ணு, ‘கொடி’ன்னு அடிச்சா கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறும். போட்டோஷாப்பில் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை மாத்தினா சரியாயிடும். இது தெரியாம எத்தனை நோட்டீஸ் பிழையோட போச்சு!

மென்பொருள் வாங்கப் பணமில்லைன்னு திருட்டு நகல் போடாதீங்க. ஜிம்ப் 1996லிருந்து இருக்கு. வரைய கிரிட்டா இருக்கு. எவ்வளவு பெரிசாக்கினாலும் விளிம்பு உடையாத கோட்டுப்படத்துக்கு இங்க்ஸ்கேப். மூன்றும் இலவசம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. அந்தச் சிற்பி போடுற வரைபடத்தை இங்க்ஸ்கேப்பில் ஏத்தி வெச்சா, கைப்பிடி அளவுக்கும் கதவு அளவுக்கும் ஒரே படம் போதும். கட்சி வேலையைவிட பெரிய பிழைப்பு அதில் இருக்கு.

கட்சி வேலைன்னதும் ஒண்ணு. இனி நம்ம ஒன்றியத்தில் போஸ்டர் வரையுறவங்களுக்குக் கூலி உண்டு. “தம்பி, நம்ம கட்சிதானே”ன்னு யாராவது ஓசியில் கேட்டா என்கிட்ட சொல்லுங்க.

முதல் பாடம் நம்ம மலைக்கோட்டை. போட்டோ எடுத்து ஃபில்டர் போடக்கூடாது. அடிவாரத்தில் நின்னு பார்த்து, பேப்பரில் பென்சிலால் வரைஞ்சு, அடுத்த ஞாயிறு கொண்டு வாங்க. ஸ்கேன் பண்ணி மேலே மைக்கோடு போட அண்ணன்மாரே சொல்லித் தருவாங்க.