எல்லையை நகர்த்தி இழந்தவை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் வரவு செலவுக் கணக்குச் சொல்வது மரபு. யாம் இன்று ஓர் இழப்புக் கணக்குச் சொல்ல எழுந்துள்ளோம்.

நம் சங்கத்தின் பழைய நிழற்படங்களும், நாடக ஒலிப்பதிவுகளும், மறைந்த பெரியோர் சிலரின் குரல்களும் ஒரு வெளி வன்தட்டில் இருந்தன. சாந்தினிக் கடைவீதியில் 'எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்களே, அதுதான். அதில் இரு பாகங்கள். முதற் பாகத்தில் கணக்குகள். அது பெரும்பாலும் காலி. இரண்டாவதில் படங்களும் குரல்களும், அது நிரம்பிவிட்டது. நடுவிலுள்ள எல்லையைச் சற்று முன்னே தள்ளினால் இடம் கிடைக்குமென எண்ணினோம். வேலை நடக்கையில் கம்பி அசைந்து தட்டு அணைந்தது. மீண்டும் இணைத்தபோது இரண்டாம் பாகத்தைக் காணவில்லை.

'பார்ட்டிஷன்' என்னும் சொல் 1905-லும் 1947-லும் வங்கத்தில் என்ன பொருள் கொண்டது என்பதை அறிந்த ஊரில் வாழ்ந்தும், கோடு கிழிப்பது எளிதென்று நம்பினோமே!

நிகழ்ந்தது இதுதான். ஒரு பாகத்தின் இறுதி எல்லையை அடுத்துள்ள வெற்றிடத்துள் நீட்டினால், உள்ளிருப்பவை இருந்த இடத்திலேயே இருக்கும். தொடக்க எல்லையை நகர்த்துவதோ வேறு. உள்ளிருக்கும் அனைத்தையும் பெயர்த்து வைக்க வேண்டும். அலிப்பூர் தேசிய நூலகத்தின் நூல்களை எல்லாம் ஓர் அலமாரி முன்னே தள்ளி அடுக்குகையில், பாதியில் விளக்கு அணைந்ததாக எண்ணிப் பாருங்கள். பாதி நூல்கள் புதிய இடத்தில், மீதி பழைய இடத்தில். எது எங்கே என்று சொல்லும் அட்டவணையோ பொய் சொல்கிறது. பாகம் எங்கே தொடங்குகிறது என்னும் குறிப்பும் மிகச் சிறியது. பழைய முறையில் நான்கு பாகங்களின் எல்லைகளுக்கும் சேர்த்து 64 பைட்டுகளே.

'ஃபார்மேட் செய்யட்டுமா?' என்று கணிப்பொறி கேட்டது. இளைஞர் ஒருவர் எம் கையைப் பிடித்துத் தடுத்தார். அவர் தட்டில் புதிதாக ஒன்றும் எழுதவிடாமல், முதலில் அதனை உள்ளபடியே வேறொரு தட்டில் படியெடுத்தார். பிறகு அந்தப் படியில் 'ஃபோட்டோரெக்' என்னும் செயலியை ஓடவிட்டார். நிழற்படக் கோப்புகள் ஒரே வகைக் குறியுடன் தொடங்குபவை. அட்டவணை இல்லாமலே அக்குறியைத் தேடி அது படங்களை மீட்கும். பெரும்பாலான படங்கள் வந்தன. நீண்ட ஒலிப்பதிவுகள் பல துண்டுகளாகச் சிதறிக் கிடந்தமையால் வரவில்லை. அக்குரல்களை இனிக் கேட்க இயலாது.

ஏடு செல்லரிக்குமுன் புதிய ஏட்டில் படியெடுத்தவர் நம் முன்னோர். இந்தியாவின் முதல் மின்னணுக் கணிப்பொறி 1955-இல் வந்திறங்கிய ஊரில் இருந்துகொண்டு, படியெடுக்காமல் எல்லையைத் தொட்டவர் யாம். இப்பொழுது இரு படிகள் உள்ளன. ஒன்று வேறொரு வீட்டில் இருக்கிறது.

மீண்ட படங்களிலும் ஒரு குறை உண்டு. ஒவ்வொன்றிலும் இருப்பவர் யாரென்று கோப்பின் பெயராகவே எழுதியிருந்தோம். பெயர்கள் அட்டவணையோடு போயின. இப்பொழுது வெறும் எண்களே உள்ளன. அவற்றை அச்சிட்டுப் பின்வாயிலருகே மேசையில் பரப்பியிருக்கிறோம். பென்சிலும் உண்டு. லேக் மார்க்கெட் பக்கம் நெடுநாள் குடியிருந்த தாய்மார்கள் அவசியம் பார்க்க வேண்டும். ஒரு படத்தில் பாவாடை உடுத்த சிறுமி ஒருத்தி வீணையோடு அமர்ந்திருக்கிறாள். அவள் யாரென்று எங்களுள் எவருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர் படத்தின் பின்புறம் எழுதிவிட்டு உணவுக்குச் செல்லுங்கள்.